விவரப் பட்டியல் சொல்லாமல் விடுவது: குறைந்த விலைக் கேமிங் கணினி குறித்த வாசகர் கேள்விகள்

எல்லாப் பாகங்களும் பொருத்தப்பட்டு, மேசையில் வைத்தவுடன் இயக்கத் தயாராக வரும் குறைந்த விலைக் கேமிங் கணினிகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழ்ப் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியுள்ளோம்.

கேள்வி: என் மகன் விரும்பும் கேமிங் கணினியின் விளம்பரத்தில், "கோர் ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், வண்ண விளக்குகளுடன் கண்ணாடிக் கேபினெட், விண்டோஸ் 11" என்று மட்டும் இருக்கிறது. விலை எங்கள் வசதிக்குள் வருகிறது. எனக்குக் கணினி பற்றி அதிகம் தெரியாது. இந்த விவரங்களை நம்பி வாங்கலாமா? (ஒரு தாய்)

பதில்: இந்த விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லாமலே இருக்கலாம். ஆனால் வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யத் தேவையான செய்தியும் இதில் இல்லை. சொல்லப்பட்டிருப்பவை எல்லாம் பாகங்களின் குடும்பப் பெயர்கள் மட்டுமே. ஒவ்வொரு பாகத்துக்கும் அதைத் தயாரித்த நிறுவனம் வைத்த முழு மாடல் எண் ஒன்று உண்டு. அந்த எண் தெரியாத வரையில், கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

முதலில் "கோர் ஐ7" என்பதை எடுத்துக்கொள்வோம். இந்தப் பெயரில் இன்டெல் நிறுவனம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பிராசசர்களை (கணினியின் கணக்குகளைச் செய்யும் மையச் சில்லுகள்) வெளியிட்டிருக்கிறது. 2011இல் வந்த ஐ7-2600 என்பதும் ஐ7 தான். அதில் நான்கு கோர்களும் (கணக்கிடும் தனி அலகுகள்) எட்டுத் திரெட்டுகளும் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைத் தொடர்கள்) இருக்கின்றன. 2022இல் வந்த ஐ3-12100 என்பதிலும் அதே நான்கு கோர்களும் எட்டுத் திரெட்டுகளும்தான் இருக்கின்றன; ஆனால் விளையாட்டுகளில் இந்த ஐ3, அந்த ஐ7-ஐ வெகு தூரம் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆகவே ஐ3, ஐ5, ஐ7 என்ற வரிசை, ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடும்போது மட்டுமே பொருள் தரும். தலைமுறையை அறிய, பெயருக்குப் பின்வரும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பழைய பிராசசரில் வேகம் குறைவது மட்டுமல்ல, வேறு தடைகளும் வருகின்றன. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி 2013இல் வெளியான நான்காம் தலைமுறையில்தான் இன்டெல் பிராசசர்களுக்கு வந்தது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய விளையாட்டுகள், அதற்கு முந்தைய பிராசசரில் தொடங்கவே மாட்டா. மேலும், மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் பட்டியலின்படி விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. ஓர் இரண்டாம் தலைமுறை ஐ7 கணினியை "விண்டோஸ் 11 உடன்" என்று விற்கிறார்கள் என்றால், தேவைகளைச் சரிபார்க்கும் படியைத் தாண்டி அது நிறுவப்பட்டிருக்கிறது என்று பொருள். பின்னால் வரும் புதுப்பிப்புகள் தடையின்றிக் கிடைக்கும் என்ற உறுதியை அத்தகைய கணினிக்கு மைக்ரோசாஃப்ட் தருவதில்லை.

அடுத்து "4 ஜிபி கிராபிக்ஸ்". இதுதான் இந்த விளம்பரத்திலேயே மிகவும் ஐயத்துக்குரிய சொல். திரைக்கான படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் திறனை அதிலுள்ள நினைவகத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. 2014இல் வந்த ஜிடி 730 கார்டிலும் 4 ஜிபி வகை உண்டு. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டிலும் 4 ஜிபிதான். முன்னது வீடியோ பார்ப்பதற்கும் அலுவலக வேலைக்கும் உரியது. பின்னதில், படத் தரத்தைக் குறைத்துக்கொண்டால் இன்றைக்கும் பல விளையாட்டுகளை ஆட முடியும். இரண்டையும் "4 ஜிபி கிராபிக்ஸ்" என்று எழுதலாம், எழுதுகிறார்கள். இன்னொரு வழக்கமும் இருக்கிறது. கார்டுக்கென்று உள்ள சொந்த நினைவகத்தோடு, தேவைப்பட்டால் ராமிலிருந்து (கணினியின் பொதுத் தற்காலிக நினைவகம்) விண்டோஸ் பகிர்ந்துகொள்ளக்கூடிய அளவையும் கூட்டி, பெரிய எண்ணாகக் காட்டிவிடுகிறார்கள். பகிரப்படும் ராம், கார்டின் சொந்த நினைவகத்துக்கு ஈடாகாது. அது பல மடங்கு மெதுவானது.

இனி, விளம்பரத்தில் இடம்பெறாதவற்றைப் பாருங்கள். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு எது என்று இல்லை. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளை எது என்று இல்லை. ராம் ஒற்றைக் குச்சியா (மதர்போர்டில் செருகும் நினைவகத் தகடு), இரண்டு குச்சிகளா என்று இல்லை. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எந்த வகை என்றும் இல்லை. கேபினெட்டின் விளக்குகளுக்கு இடம் ஒதுக்கியவர், இந்த நான்குக்கும் இடம் ஒதுக்கவில்லை. குறைந்த விலைக் கணினிகளில் செலவு மிச்சப்படுத்தப்படுவது பெரும்பாலும் இந்த நான்கில்தான்.

ஆகவே விற்பவருக்கு எழுத்து வடிவில் ஒரே ஒரு கேள்வியை அனுப்புங்கள்: "பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை ஆகிய ஆறின் நிறுவனப் பெயரையும் முழு மாடல் எண்ணையும் தெரிவியுங்கள், இவற்றையே பில்லிலும் எழுதித் தருவீர்களா?" நேர்மையான விற்பனையாளருக்கு இது சில நிமிட வேலை. "எல்லாம் நல்ல கம்பெனிப் பொருள்தான்" என்று மட்டும் பதில் வந்தால், அந்தக் கணினியை விட்டுவிடுங்கள். முழுப் பதில் வந்தால், முதலில் கிராபிக்ஸ் கார்டின் பெயரையும், அடுத்துப் பிராசசரின் பெயரையும் வைத்து, உங்கள் மகன் ஆட விரும்பும் விளையாட்டுகளின் பரிந்துரைக்கப்பட்ட தேவைகளோடு ஒப்பிடுங்கள். "குறைந்தபட்சத் தேவை" என்ற பகுதியோடு ஒப்பிட வேண்டாம். அது விளையாட்டு எப்படியாவது ஓடுவதற்கான எல்லை மட்டுமே. கேமிங்கைப் பொறுத்தவரை மற்ற எந்தப் பாகத்தையும்விடக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் பணமே அதிகப் பயன் தருகிறது. மங்கலான ஐ7-ஐயும் பெயர் சொல்லாத கார்டையும் சேர்த்து விற்கும் கணினியைவிட, முழுப் பெயர் சொல்லப்பட்ட ஓர் ஐ3-யும் தரமான கார்டும் உள்ள கணினி உங்கள் வீட்டுக்கு ஏற்றது.

கேள்வி: இரண்டு கணினிகளிலும் "ஆர்டிஎக்ஸ் 3050" என்றே இருக்கிறது. ஒன்றின் விலை மற்றதைவிடத் தெளிவாகக் குறைவு. மற்ற பாகங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். காரணம் என்னவாக இருக்கும்? (கல்லூரி மாணவர்)

பதில்: ஆர்டிஎக்ஸ் 3050 என்பது என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டு. பெரும்பாலும் ஒன்றின் நினைவகம் 8 ஜிபி, மற்றொன்றின் நினைவகம் 6 ஜிபி ஆக இருக்கும். வித்தியாசம் நினைவக அளவோடு நின்றுவிடுவதும் இல்லை. 2022 தொடக்கத்தில் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கூடா கோர்களும் (கார்டின் கணக்கிடும் அலகுகள்) 128 பிட் நினைவகப் பாதையும் (நினைவகத்துக்குத் தரவு போய்வரும் வழி) இருக்கின்றன. நினைவகத்தின் வேகம் நொடிக்கு 224 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட் பாதை, நொடிக்கு 168 ஜிபி. அதாவது மூன்று இடங்களில் குறைத்துவிட்டு, பெயரை மட்டும் அப்படியே வைத்திருக்கிறார்கள். இது வாங்குவோருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன். வேறு பெயர் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இருந்தாலும் 6 ஜிபி வகையை அடியோடு ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 8 ஜிபி கார்டுக்கு 130 வாட் வேண்டும். 6 ஜிபி கார்டுக்கு 70 வாட் போதும். மதர்போர்டின் கார்டு இடமே 75 வாட் வரை தரக்கூடியது என்பதால், பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பு இல்லாமலே பெரும்பாலான 6 ஜிபி கார்டுகள் இயங்கும். சிறிய பவர் சப்ளை உள்ள கணினிக்கு இது உண்மையான வசதி. நியாயமான விலையில், 6 ஜிபி என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் வாங்கலாம். 8 ஜிபி கார்டின் விலையை ஒட்டி விற்றால் வாங்கக் கூடாது.

ஒரே பெயரில் இரு வேறு திறன் கொண்ட கார்டுகள் வருவது இது முதல் முறையல்ல. ஜிடி 1030 கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. மறு ஆண்டு, அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு ஒரு வகை வந்தது. முன்னதன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி. பின்னதில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டிலும் 12 ஜிபி வகைக்கு 192 பிட் பாதையும், 8 ஜிபி வகைக்கு 128 பிட் பாதையும்தான். ஆர்எக்ஸ் 580 கார்டில் வழக்கமான வகைக்கு 2304 செயல் அலகுகள் உண்டு. "2048எஸ்பி" என்ற பின்னொட்டோடு வரும் வகைக்கு 2048 மட்டுமே. விளம்பரங்களில் முதலில் காணாமல் போவது அந்தப் பின்னொட்டுதான். கார்டின் பெயரோடு நினைவக அளவையும் வகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

கார்டு தனியாக நன்றாக இருந்தும், அதைச் சுற்றியிருக்கும் பாகங்களால் கெடுவதும் உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு பிசிஐஇ 4.0 இணைப்பில் (கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு செல்லும் வழி) நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. அதைப் பிசிஐஇ 3.0 வரை மட்டுமே தரும் பிராசசரோடு இணைத்தால், தரவு செல்லும் வழி பாதியாகக் குறுகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் அந்தக் குறை திணறலாகத் தெரியும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5500, ரைசன் 5 5600ஜி ஆகிய இரண்டும் பிசிஐஇ 3.0 பிராசசர்கள், ரைசன் 5 5600 பிசிஐஇ 4.0 பிராசசர். விலையைக் குறைக்க வேண்டி, 6500 எக்ஸ்டி கார்டை 5500-உடன் இணைத்து விற்பவர்கள் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: இப்போதைக்குக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியை வாங்கி, அடுத்த ஆண்டு கார்டு சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பிராசசர் பெயரின் கடைசியில் வரும் எழுத்துகள் முக்கியமா? (வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்)

பதில்: உங்கள் திட்டத்தில் அந்த எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஐ5-12400 என்பதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் (பிராசசருக்குள்ளேயே படத்தை உருவாக்கும் பகுதி) உண்டு; ஐ5-12400எஃப் என்பதில் இல்லை. கார்டு இல்லாமல் எஃப் வகையை வாங்கினால் திரையில் படமே வராது. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி என்பதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்கிறது. 5600, 5500 ஆகிய இரண்டிலும் இல்லை.

ஜி வகையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 5600ஜி பிராசசரில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 16 எம்பி. 5600-இல் 32 எம்பி. பின்னால் நல்ல கார்டு ஒன்றைச் சேர்க்கும்போது, பல விளையாட்டுகளில் 5600 முன்னே நிற்கும். ஆக, உள்ளமைந்த கிராபிக்ஸுக்காக இன்று எடுக்கும் முடிவின் விலையை அடுத்த ஆண்டு கார்டு சேர்க்கும்போது கொடுக்க நேரும். அந்த ஓராண்டில் பழைய, எளிய விளையாட்டுகள் போதும் என்றால் ஜி வகை சரியான தேர்வே. ஓர் ஆண்டுக்குள் கார்டு வாங்குவது உறுதி என்றால், இன்னும் சில மாதம் சேமித்துக் கார்டோடு சேர்த்தே வாங்குவது நல்லது என்பது என் கருத்து. எப்படியானாலும், கார்டு சேர்க்கும் நாளில் பவர் சப்ளையில் அதற்கான இணைப்பும், கேபினெட்டில் அதற்கான நீளமும் இருக்குமா என்பதை இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 16 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருப்பதற்கும், 8 ஜிபி வீதம் இரண்டு குச்சிகளாக இருப்பதற்கும் வேறுபாடு உண்டா? விற்பவர் "எதிர்காலத்தில் இன்னொரு குச்சி சேர்க்க வசதி" என்று ஒற்றைக் குச்சியையே பரிந்துரைக்கிறார். (பள்ளி ஆசிரியர்)

பதில்: வேறுபாடு உண்டு, அது சிறியதும் அல்ல. இன்றைய மேசைக் கணினிகளின் பிராசசர்கள், ராமோடு இரண்டு சேனல்களில் (தரவு செல்லும் தனி வழிகள்) பேசும் வகையில் அமைக்கப்பட்டவை. 3200 வேகம் கொண்ட டிடிஆர்4 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரவைத் தரக்கூடும். உரிய இடங்களில் இரண்டு குச்சிகள் இருந்தால் அது 51.2 ஜிபி ஆகிறது. தனிக் கார்டு இருக்கும் கணினியில், ஒற்றைக் குச்சியால் சராசரி வேகம் ஓரளவே குறைந்தாலும், இடையிடையே படம் வெட்டி வெட்டி நிற்பது அதிகமாகும். உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பியிருக்கும் கணினிக்கோ இது பேரிழப்பு. ஏனெனில் அங்கே ராம்தான் கிராபிக்ஸ் நினைவகமாகவும் வேலை செய்கிறது. விற்பவர் சொல்லும் காரணம் பொய்யல்ல. இரண்டே இடங்கள் உள்ள மதர்போர்டில் இரண்டையும் நிரப்பிவிட்டால், பின்னால் அளவைக் கூட்ட இருக்கும் குச்சிகளைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் அந்த எதிர்கால வசதிக்காக, வாங்கிய முதல் நாளிலிருந்தே வேகத்தை இழப்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு குச்சிகளைக் கேட்டு வாங்குங்கள்.

வேகத்தையும் கேளுங்கள். 3200 என்று விற்கப்படும் குச்சிகளில் பல, எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைப் பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) இயக்கும் வரை 2133 அல்லது 2666 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். முன்பே பொருத்தப்பட்ட கணினிகளில் இந்தப் படியை விட்டுவிடுவது மிகச் சாதாரணம். மதர்போர்டுக்கும் இதில் பங்கு உண்டு. இன்டெலின் எச்610 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு), பிராசசர் அனுமதிக்கும் அடிப்படை வேகத்துக்கு மேல் ராமை ஓட்ட விடாது. அதனோடு விலை உயர்ந்த அதிவேக ராமைச் சேர்த்து விற்றால், அந்தக் கூடுதல் விலை வீண். ஆறு கோர்ப் பிராசசர் ஒன்றுக்கும் நடுத்தரக் கார்டுக்கும் எச்610 போதுமானதுதான்; அதைப் பெயர் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.

கேள்வி: கணினியில் "500 வாட் பவர் சப்ளை" என்று எழுதியிருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கும் ஐ5-12400எஃப் பிராசசருக்கும் இது போதுமா? நிறுவனப் பெயர் கேட்டதற்கு விற்பவர் பதில் சொல்லவில்லை. (ஒரு தந்தை)

பதில்: கணக்கு மட்டும் பார்த்தால் போதும். கார்டு 115 வாட், பிராசசர் உச்சத்தில் 117 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் மொத்தம் 300 வாட்டைச் சுற்றியே நிற்கும். என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறது. அது பல வகைக் கணினிகளையும் மனத்தில் வைத்துத் தாராளமாகச் சொல்லப்பட்ட அளவு. உண்மையாகவே 500 வாட் தரக்கூடிய நல்ல பவர் சப்ளை, உங்கள் கணினியைச் சிரமமின்றி ஓட்டும்.

அது உண்மையாகவே 500 வாட் தருமா என்பதில்தான் ஐயம். பெட்டியின் மேல் எழுதப்பட்ட வாட் எண்ணை விட்டுவிட்டு, பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணையைப் புகைப்படமாக அனுப்பச் சொல்லுங்கள். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் அளவு இருக்கும். பிராசசரும் கார்டும் ஏறத்தாழ முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட் தடத்திலிருந்துதான் எடுக்கின்றன. அங்கே 40 ஆம்பியர் இருந்தால், 12 ஆல் பெருக்க 480 வாட் வரும், அதை நம்பலாம். 25 ஆம்பியர் மட்டும் இருந்தால் 300 வாட்தான். மீதி 200 வாட், உங்கள் கணினி பெரிதாகப் பயன்படுத்தாத 3.3 வோல்ட், 5 வோல்ட் தடங்களின் பெயரால் காட்டப்பட்ட எண். 12 வோல்ட் தடங்கள் இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருந்தால், அவற்றைத் தனித்தனியே கூட்டிவிடாமல், இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கும் மொத்த வாட் அளவையே பாருங்கள்.

"80 பிளஸ்" முத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டுமே அந்த முத்திரை சொல்கிறது. வெண்கலத் தரம் (Bronze) என்றால், 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது 85 சதவீதம் என்பது கணக்கு. மின்னழுத்தம் ஏறினாலோ, குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ காக்கும் அமைப்புகள் உள்ளே இருக்கின்றனவா என்பதை அது சொல்வதில்லை. இருந்தும், குறைந்த விலைப் பிரிவில் அந்த முத்திரை இருப்பது இல்லாததைவிட மேல். அந்த அளவுத் திறனைப் பெறுவதற்கே மிக மலிவான வடிவமைப்பு போதாது.

பவர் சப்ளை கெட்டால் தான் மட்டும் கெடாமல், கார்டையும் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். மற்ற பாகங்களில் தரம் குறைந்தால் வேகம் குறையும். இதில் தரம் குறைந்தால் கணினியையே இழக்க நேரிடும். விற்பவர் நிறுவனப் பெயரைச் சொல்ல மறுக்கும் நிலையில், "பவர் சப்ளையை மட்டும் நான் சொல்லும் மாடலுக்கு மாற்றித் தருவீர்களா, எவ்வளவு கூடும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் வாங்குங்கள், மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி போதுமா? "எம்.2" என்று எழுதியிருந்தால் அது வேகமானதுதானே? (பெயர் குறிப்பிட விரும்பாதவர்)

பதில்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அந்த வடிவத்தில் சாட்டா என்ற பழைய, மெதுவான இணைப்பு வகையும் வருகிறது. என்விஎம்இ என்ற புதிய, வேகமான வகையும் வருகிறது. சாட்டாவின் உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3500 எம்பியை எட்டும். விளையாட்டு திறக்கும் நேரத்தில் இந்த இரண்டுக்கும் இடையே தெரியும் வேறுபாடு, எண்கள் காட்டும் அளவுக்குப் பெரிதல்ல. ஹார்ட் டிஸ்கோடு ஒப்பிட்டால் இரண்டுமே பெரும் முன்னேற்றம். அளவு குறித்துச் சொன்னால், 512 ஜிபி என்பதை விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டும்; அதில் குறை எதுவும் இல்லை, கணக்கிடும் முறைதான் வேறு. பெரிய விளையாட்டுகள் பலவும் 100 ஜிபியைத் தாண்டுவதால், மூன்று நான்கு நிறுவியதும் இடம் முடிந்துவிடும். மதர்போர்டில் இரண்டாவது எம்.2 இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டால், இப்போது 512 ஜிபியோடு தொடங்கலாம்.

கேள்வி: அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த பெரிய நிறுவனக் கணினி ஒன்றில் புதுக் கார்டு போட்டு, "கேமிங் கணினி" என்று மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா? (கணினி பழுது பார்க்கக் கற்றுவரும் இளைஞர்)

பதில்: கற்றுக்கொள்ளும் உங்களுக்கு இது பொருந்தலாம், மற்றவர்களுக்கு நான் தயங்கியே பரிந்துரைப்பேன். இவ்வகைக் கணினிகள் பலவற்றில் மதர்போர்டின் வடிவமும் பவர் சப்ளையின் இணைப்பும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. சந்தையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் (பொதுத் தர அளவு) பவர் சப்ளையை அதில் அப்படியே மாட்ட முடியாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் குறைந்த வாட் பவர் சப்ளை. கார்டுக்கான ஆறு முள், எட்டு முள் இணைப்புகள் அதில் இருப்பதில்லை. இணைப்பை வேறு கம்பிகளிலிருந்து மாற்றி எடுத்துக் கொடுத்திருக்கிறார்களா என்று திறந்து பாருங்கள். அப்படி இருந்தால் வேண்டாம். தனி இணைப்பு கேட்காத 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டோடு நின்றுகொண்டால், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய அலுவலகக் கணினி உறுதியானது, நெடுநாள் உழைக்கக்கூடியது. எட்டாம் தலைமுறை என்று நான் எல்லை வகுப்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினியை இன்று வாங்குபவர் முதல் நாளிலேயே அந்தச் சிக்கலோடு தொடங்குகிறார்.

கேள்வி: கணினி வீட்டுக்கு வந்துவிட்டது. சொன்ன பாகங்கள்தான் உள்ளே இருக்கின்றனவா என்பதைப் பெட்டியைக் கழற்றாமல் பார்க்க முடியுமா? (இரண்டு வாசகர்கள்)

பதில்: பெரும்பகுதியைப் பார்க்கலாம், திருப்பித் தருவதற்கான கால எல்லைக்குள், கூடுமானால் முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள். இயக்குவதற்கு முன் ஒரு முறை கண்ணாடிக் கதவின் வழியே உள்ளே நோக்குங்கள். பயணத்தில் கார்டு அசையாதிருக்க வைத்த பஞ்சோ காற்றுப் பையோ உள்ளே இருந்தால், அதை எடுத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். திரையின் கம்பியை மதர்போர்டின் இடத்தில் செருகாமல், கீழே குறுக்காகப் படுத்திருக்கும் கிராபிக்ஸ் கார்டின் இடத்தில் செருகுங்கள். இதை மாற்றிச் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று வருந்துவோர் பலர்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பகுதியைத் திறந்தால், பிராசசரின் முழுப் பெயரும், ராமின் வேகமும், எத்தனை இடங்களில் குச்சிகள் இருக்கின்றன என்பதும், கார்டின் பெயரும் அதன் தனி நினைவகமும் தெரியும். அடுத்து, சிபியு-இசட், ஜிபியு-இசட் என்ற இரண்டு இலவசச் செயலிகளை அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து இறக்குங்கள். சிபியு-இசட் மதர்போர்டின் மாடலைக் காட்டும். அதில் ராமின் அதிர்வெண் 1600 என்று இருந்தால் பதற வேண்டாம், டிடிஆர் வகையில் அதன் இரட்டிப்பான 3200 தான் சொல்லப்படும் வேகம். ஜிபியு-இசட், கார்டின் கோர்களின் எண்ணிக்கை, நினைவகப் பாதையின் பிட் அளவு, இணைப்புத் தடங்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் காட்டும். இவற்றை, கார்டைத் தயாரித்த நிறுவனம் வெளியிட்ட விவரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றியெழுதி, புதிய கார்டின் பெயரில் விற்கும் மோசடி உண்டு. டாஸ்க் மேனேஜர் அந்தப் பொய்ப் பெயரை அப்படியே காட்டிவிடும், ஜிபியு-இசட் பல நேரங்களில் அதைக் கண்டுபிடித்துப் போலி என்று குறித்துவிடும்.

எஸ்எஸ்டி புதியதா என்பதைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலி சொல்லும். அதில் மின்சாரம் பெற்ற மொத்த மணி நேரமும் அதுவரை எழுதப்பட்ட தரவின் அளவும் இருக்கும். புதிதென்று விற்ற எஸ்எஸ்டியில் சில மணி நேரம் காட்டுவது சோதனையால் வந்ததாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால் அது பயன்படுத்தியதே. விண்டோஸ் அமைப்புகளில் செயலாக்கம் என்ற பகுதியைத் திறந்து, உரிமம் செயல்படுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிவேகத் திரை வாங்கியிருந்தால், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கப்படும்) என்று பெட்டியில் இருந்தாலும் விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். திரை அமைப்புகளில் அதை நீங்களே மாற்ற வேண்டும்.

கடைசியாக, கனமான விளையாட்டு ஒன்றைத் தொடர்ந்து ஒரு மணி நேரமாவது ஆடிப் பாருங்கள். பின்னணியில் எச்டபிள்யூஇன்ஃபோ செயலி வெப்பநிலையைப் பதிவு செய்யட்டும். ஐ5-12400எஃப் போன்ற பிராசசருக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதைத் தொட்டுக்கொண்டே ஓடினால், குளிர்விப்பான் சரியாக அமரவில்லை அல்லது முன்புறக் கண்ணாடி காற்றை உள்ளே விடவில்லை. முத்திரை ஒட்டப்படாத முன்பலகையையோ பக்கக் கதவையோ எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டும்போது வெப்பம் வெகுவாகக் குறைந்தால், குறை கேபினெட்டின் காற்றோட்டத்தில் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்கினால், முதலில் ஐயப்பட வேண்டியது பவர் சப்ளையை. எந்த வேறுபாடு தென்பட்டாலும், செயலி காட்டும் திரையைப் படமெடுத்து, பில்லில் எழுதப்பட்ட மாடல் எண்ணோடு இணைத்து, விற்பவருக்கு எழுத்து வடிவில் அனுப்புங்கள். பதில் வரும் வரை உள்ளிருக்கும் பாகங்களையோ முத்திரையிட்ட பகுதியையோ நீங்களாகக் கழற்ற வேண்டாம், ஏனெனில் முத்திரை உடைந்த பெட்டியைத் திரும்ப ஏற்க மறுப்பதற்கு அதுவே காரணமாகக் காட்டப்படலாம்.